உலக முடிவுக்குச் செல்வோர் கவனத்திற்கு

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியா நகரம் தன் நிதானத்தை இழந்துவிடும். வசந்த காலத்தைக் கொண்டாடவென்று கொழும்பிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்து இறங்கும் ஜனத்திரள் கிரகரி வாவியைச் சுற்றி வரும்; ஹக்கல பூந்தோட்டத்தில் படம் பிடித்துக்கொள்ளும்; சீத்தா எலிய கோயிலில் கைகூப்பும். கால்களில் வலுவும் அதிகாலையில் எழும் மனவுறுதியும் உடையோர் மாத்திரம் ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படுவர். அங்ஙனம் போய் மீண்டவர்களிடம் 'என்ன கண்டீர்கள்?' என்று வினவினால், பாதிப் பேர் மூடுபனியைப் பற்றிச் சொல்வார்கள். மறுபாதிப் பேர் வாயிலில் நடந்த சோதனையைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வார்கள். 'பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் பொதியைப் பிரித்துக் கடதாசியில் கொட்டிக் கொடுத்தார்கள், ஐயா! போத்தலில் ஒட்டியிருந்த தாளைக்கூட உரித்துவிட்டார்கள்!' என்று என்னிடம் முறையிட்டவர் ஒருவர் இருவர் அல்லர்.

அந்த விதிகளைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன். விதி என்றாலே முகம் சுளிப்பது நமது இயல்பு. பாடசாலையில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் என் போன்றோருக்குங்கூட, பிறர் விதித்ததைக் கைக்கொள்ளும்போது அந்தச் சுளிப்பு வரத்தான் செய்கிறது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவிலிருந்து செல்வோர் அம்பேவெல, பட்டிப்பொல ஊடாகச் சுமார் 30 கிலோமீட்டர் தூரம் பயணம் செய்யவேண்டும். பட்டிப்பொல புகையிரத நிலையம் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. இந்நாட்டில் இதனினும் உயர்ந்த நிலையம் வேறில்லை. ஹட்டன் பக்கத்திலிருந்து வருவோர் பதுளைப் புகையிரதத்தில் ஏறி ஒஹியவில் இறங்கி, அங்கிருந்து 11 கிலோமீட்டர் மலை ஏறுவதும் உண்டு. அக்கரப்பத்தனைக்கு அப்பாலுள்ள டயகமத் தோட்டத்தின் மேலெல்லையும் இச்சமவெளியின் அடிவாரந்தான். அங்கே தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தால் தெரிகின்ற அந்தக் கருத்த காட்டின் பின்னேதான் உலகப் புகழ் பெற்ற 'உலக முடிவு' இருக்கிறது. ஆயினும் அத்தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, அதனை ஒருமுறையேனும் காணாதவர்கள் பலர். என் மாணாக்கரிலும் அப்படிப்பட்டோர் இருந்தனர். அவர்களை அழைத்துக்கொண்டுதான் நான் பலமுறை அங்கு சென்றிருக்கிறேன்.

வாயில் காலை 6 மணிக்குத் திறக்கிறது. அனுமதிச் சீட்டுப் பெறாமல் எவரும் உள்ளே நுழைதல் ஆகாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தேசியப் பூங்காக்கள் அனைத்துக்கும் வகுத்திருக்கும் பொது நியதி அது. சீட்டு வாங்கியபின் பைகளைத் திறந்து காட்டவேண்டும். பொலித்தீன் உறைகள் அங்கேயே கழற்றப்படும். மதுவும் புகையும் ஆகா. தீ மூட்டலாகாது. பாட்டுப் பெட்டியை அலறவிடலாகாது. அனுமதி பெறாமல் வானத்தில் ட்ரோன் பறக்கவிடலாகாது. விலங்குகளுக்கு எதையும் ஊட்டலாகாது. பூவோ இலையோ கல்லோ எடுத்துவரலாகாது. குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகலாகாது. முன்னனுமதி இன்றி இரவு தங்கலாகாது. மாலை 6 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும்.

'ஆகாது, ஆகாது' என்று இத்தனை சொல்லிவிட்டால் வேறு என்னதான் ஆகும் என்று என் மாணாக்கன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. நடக்கலாம், பார்க்கலாம், மூச்சு விடலாம். அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு அதுவே போதுமானது என்று தெரியும்.

இந்த 'ஆகாது' ஒவ்வொன்றுக்குப் பின்னும், முன்னொரு காலத்தில் 'ஆகும்' என்று எவரோ செய்துவிட்ட ஒரு காரியம் ஒளிந்திருக்கிறது. சமவெளியின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் அது விளங்கும்.

சிங்கள மக்கள் இதனை மகா எலிய என்று வழங்கிவந்தனர். 1834ஆம் ஆண்டில் வாட்சன், ஃபிஷர் என்னும் இரு இளம் படை அதிகாரிகள் இதனைக் 'கண்டுபிடித்தார்கள்'; அப்போது ஆளுநராக இருந்த சர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. ஊரார் பெயர் வைத்து வழங்கிய இடத்தை வந்தவர் கண்டுபிடிப்பது அக்கால வழக்கம், அதை விடுவோம். அதன்பின் வேட்டைக்காரர் வந்தனர். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ் பெற்றவர், இம்மலைகளில் வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொல்வதைப் பெரிய வீர விளையாட்டாகக் கருதினார். அந்த அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார். சமவெளியின் நடுவே 20 மீட்டர் உயரத்திலிருந்து வெண்பட்டு விரித்தாற்போல் விழும் அருவிக்கு இன்றும் அவர் பெயர்தான். அவருக்கு முன்னிருந்த மேஜர் ரோஜர்ஸ் என்பவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பது பதிவு. 1845இல் ஹப்புத்தளையில் அவர் மின்னல் தாக்கி மாண்டார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. 1940களுக்குப் பின் ஹோர்ட்டன் சமவெளியில் யானை இல்லை. இங்கே துப்பாக்கிக்கு இடமில்லை என்ற விதி எதனால் பிறந்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை.

துரைமார் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடவேண்டி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிநாட்டு ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து இங்குள்ள ஓடைகளில் விட்டார்கள். அம்மீன் இங்கு இயல்பாய் வாழ்ந்த நீர்ப்பூச்சிகளையும் சிற்றிறால்களையும் தின்று கொழுத்தது. தம் தாய்நாட்டு நினைவுக்காக யூலெக்ஸ் என்னும் முட்செடியையும் நட்டார்கள். மஞ்சள் நிறப் பூக்கள் குலுங்க அது நிற்கும்போது பிரயாணிகள் அதனருகே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். புல்வெளியை விழுங்க வந்த பகைவன் அது என்பதை அறியார். அதனை வேரோடு பிடுங்கி எறியும் பணி பலமுறை நடந்திருக்கிறது. செடியோ விதையோ உள்ளே கொண்டுவராதே, உள்ளிருந்து வெளியே எடுத்துச் செல்லாதே என்னும் விதிக்கு இச்செடியே சாட்சி. 1960களில் அரசாங்கமே இப்புல்வெளியின் ஒரு பகுதியை உழுது விதை உருளைக்கிழங்கு பயிரிட்டது. 1969 டிசம்பரில் இவ்விடம் வனவிலங்குச் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1988 மார்ச் மாதத்தில் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் இதனோடு சேர்ந்து 'மத்திய மலைநாடு' என்ற பெயரில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டன.

இச்சரித்திரத்தில் எனக்கு மிகப் பிடித்தமான விதி வேறொன்று. கோப்பிப் பயிர் மலைநாட்டை மூடிக்கொண்டிருந்த காலத்தில், 1873இல், இலண்டன் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த சர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடவேண்டாம் என்று பிரித்தானிய அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். அதன்படி நிர்வாக ஆணையும் பிறந்தது. இந்த விதி முழுமையாகக் காக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. 6,000 அடி உயரத்திலும் தேயிலை நிற்பதை நுவரெலியாவைச் சுற்றி எவரும் காணலாம். ஆனால் காக்கப்பட்ட மட்டில் அது ஹோர்ட்டன் சமவெளியைக் காத்தது. அந்த ஒரு வரி இல்லாதிருந்தால், தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்த நம் முன்னோரின் கைகளில் கோடரியைக் கொடுத்து அந்தக் காட்டையும் வெட்டச் செய்திருப்பார்கள். வெட்டியவன் பெயரும் வரலாற்றில் நின்றிராது.

மேலே காடு நின்றதால் கீழே என்ன ஆயிற்று? புவியியல் ஆசிரியர் அல்லாத எனக்கே வியப்பூட்டும் செய்தி இது. வெறும் 3,160 ஹெக்டேர் பரப்புள்ள இச்சமவெளியிலும் அதன் விளிம்பிலும் இந்நாட்டின் மூன்று பெரிய ஆறுகளுக்கு ஊற்று இருக்கிறது. டயகம, அக்கரப்பத்தனைப் பக்கம் இறங்கும் அக்கர ஓயா கொத்மலை ஓயாவாகி, தலவாக்கலைக்கருகே சென்கிளையர் அருவியாகக் குதித்து, மகாவலியில் கலக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும் நீர் கெகல்கமு ஓயாவாகி, காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குழாய்களுக்கும் போய்ச் சேருகிறது. தெற்கே விழும் நீர் வளவை கங்கைக்கு. இங்குள்ள குட்டை மரங்கள், குடை விரித்தாற்போன்ற தலையும் பாசி படர்ந்த உடலுமாய், மழையில்லா நாளிலும் மூடுபனியைச் சீப்பால் வாருவதுபோல வாரி நிலத்தில் சொட்டவிடுகின்றன. ஈரப் புல்லும் கரிய மண்ணும் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடுகின்றன. அந்த மண்ணின்மீது பாதை விலகி ஆயிரக்கணக்கானோர் நடந்தால் அது இறுகிப் போகும். இறுகிய மண் நீரை ஏந்தாது. 'பாதையை விட்டு விலகாதீர்' என்ற பலகை சொல்வது இதைத்தான். அங்கே நின்று அதைப் படிப்பவர் கொழும்பில் தம் வீட்டுக் குழாயை நினைத்துக்கொள்வாராயின் நன்று.

இனிப் பொலித்தீனுக்கு வருவோம். வாகனம் நிறுத்துமிடத்தில், ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதிக்கருகே, கிளைத்த கொம்புகளோடு மரைகள் வந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பர். மனிதரைக் கண்டு அஞ்சி ஓடவேண்டிய விலங்கு, காரின் கண்ணாடிக்குள் மூக்கை நுழைக்கிறது. பார்ப்பதற்கு அழகுதான். பாணும் வாழைப்பழமும் கொடுத்துப் பழக்கிவிட்டவர்கள் நாம். தீனியின் உப்புச் சுவை ஒட்டிய உறையையும் அது சேர்த்து விழுங்குகிறது. இறந்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் உருண்டைகள் கண்டெடுக்கப்பட்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்ததுண்டு. பேக்கர் நாய்களை ஏவி மரையைக் கொன்றார். நாம் அன்போடு பிஸ்கட் கொடுத்துக் கொல்கிறோம். மரைகள் கூட்டம் கூட்டமாய் வாசலுக்கு வந்தால், அவற்றைத் தின்னும் சிறுத்தையும் பின்னே வரும் என்பதையும் தீனி கொடுப்போர் நினைவில் வைப்பது நல்லது.

வாயிலில் ஒருமுறை என் பின்னால் நின்ற ஒரு தோட்டத்துக் குடும்பத்தை மறக்க முடியவில்லை. பாட்டியும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தனர். அவர்கள் பையில் கழற்றுவதற்கு ஒன்றுமில்லை. காவலர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். முன்னால் நின்ற வாகனத்தாரின் உறைகளும் போத்தல்களும் குவியலாகக் கிடந்ததைப் பார்த்த பாட்டி என்னிடம் சொன்னாள்: "மாஸ்டர், இங்க இவ்வளவு கவனமா உரிச்சு எடுக்கிறாங்க. எங்க லயத்துக் கான்ல கெடக்கிறத எடுக்கிறதுக்கு யாரு வர்றா?"

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. "நீங்க சொல்றது சரிதான், அம்மா" என்று மட்டும் சொன்னேன். விதி வாயிலோடு நின்றுவிடுகிறது என்பது உண்மை. அம்பேவெலவிலிருந்து மேலே ஏறும் வீதியோரங்களில், உள்ளே கொண்டுபோக முடியாதவற்றை உண்டு முடித்து எறிந்துவிட்டுச் செல்வோரின் தடயங்களைக் காணலாம். உள்ளே ஓர் உறைக்கு இத்தனை காவல். வெளியே அதே ஆற்றின் கரையில், அந்த நீரையே குடிக்கும் மக்களின் குடியிருப்புகளில், குப்பை அள்ளும் வண்டி வாரத்துக்கு ஒருமுறை வந்தாலும் பெரிது. வனசீவராசிகள் திணைக்களத்தின்மேல் குற்றமில்லை. அதன் எல்லை அவ்வளவுதான். தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் அந்த எல்லைக் கோட்டிலிருந்து தங்கள் வேலையைத் தொடங்கியிருக்கவேண்டும் என்பதே என் வாதம்.

கடல் கடந்து ஓர் உதாரணம் சொல்வேன். கேரளத்து மூணாறு, நம் ஹட்டனின் உடன்பிறப்புப் போன்ற ஊர். அங்கும் தேயிலை, அங்கும் தமிழ்த் தொழிலாளர். அத்தேயிலைக்கு மேலே இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது, 1978இல் பிரகடனமானது. வரையாடுகளின் புகலிடம் அது. சொந்த வாகனத்தில் எவரும் உள்ளே செல்ல முடியாது. வனத்துறைப் பேருந்தில்தான் செல்லவேண்டும். ராஜமலை என்ற ஒரு பகுதிக்கு மாத்திரமே அனுமதி. வரையாடு குட்டி ஈனும் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் கதவே திறக்காது. ஹோர்ட்டன் சமவெளிக்கு ஆண்டுதோறும் வரும் அத்தகைய நீண்ட ஓய்வு இல்லை. விடுமுறை நாட்களில் வாயிலில் நிற்கும் வாகன வரிசையைப் பார்க்கும்போது, அந்தப் பேருந்து முறையையாவது நாமும் கைக்கொள்ளலாகாதா என்று தோன்றுகிறது.

பாதை ஒரு வட்டம். ஏறத்தாழ 9 கிலோமீட்டர். சிறு உலக முடிவு முதலில் வரும். பின் பெரிய உலக முடிவு. 4,000 அடிப் பள்ளம் என்று பலர் சொல்வர். செங்குத்தான வீழ்ச்சி உண்மையில் சுமார் 2,850 அடி. அதுவே தலை சுற்றுவதற்குப் போதும். விளிம்புக்குச் செல்லாதீர் என்ற எச்சரிக்கையை வேடிக்கையாகக் கொள்ளவேண்டாம். 2015இல் வெளிநாட்டவர் ஒருவர் மனைவியைப் படம்பிடிக்கப் பின்னோக்கி அடி வைத்து விழுந்தார். பாறையில் முளைத்திருந்த மரம் ஒன்று தாங்கிக்கொண்டதால் பிழைத்தார். படையினர் கயிறு கட்டி மேலே கொணர்ந்தனர். எல்லோருக்கும் மரம் கிடைப்பதில்லை.

அந்த விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் நன்பேரியல் தேயிலைத் தோட்டம் தெரியும். பச்சைப் பாயில் சிந்திய அரிசிபோல் வீட்டுக் கூரைகள் தெரியும். வெயில் ஏறும் வேளையில் பெரட்டுக் களம் கலைந்து, மலைச்சரிவில் கொழுந்துக் கூடைகள் புள்ளிகளாய் நகர்வதையும் கூர்ந்த கண்கள் காணும். பள்ளத்துக்குள் கல்லோ போத்தலோ வீசிப் பார்க்கத் துடிக்கும் இளைஞரிடம் நான் அக்கூரைகளைத்தான் காட்டுவது வழக்கம்.

இங்கு ஓடிக்கொண்டிருக்கும் வாழ்வில் நம் கண்ணுக்குப் புலப்படாத பகுதியே அதிகம். இம்மலைக்குரிய தேவாங்கு இனம் ஒன்று, 1937க்குப் பின் நான்கே முறை காணப்பட்டதாகப் பதிவாகி, அழிந்தே போயிற்று என்று பலர் எண்ணியிருந்தபோது, 2009இல் ஆய்வாளரின் ஒளிப்படக் கருவியில் அகப்பட்டது. இரவில் வெளிவரும், உள்ளங்கையில் அடங்கத்தக்க உயிர். இரவு நடமாட்டத் தடையும் ஓசைத் தடையும் இருப்பதால் அது நிம்மதியாக இரை தேடலாம். நெலு என்னும் குறிஞ்சி இனச் செடிகள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். 2013இல் பூத்தபோது காண வந்தோர் வெள்ளமெனத் திரண்டனர். பறித்த கொத்து நுவரெலியா வந்து சேர்வதற்குள் வாடிவிடும். செடியிலிருந்தால் விதையாகும்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். 9 மணிக்குப் பின் மூடுபனி ஏறிவிடும். ஆகையால் வாயில் திறக்கும்போதே அங்கிருக்கப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியலில் புல்நுனியில் உறைபனி படியும். கம்பளி உடை அவசியம். உணவை வாழையிலையிலோ துணியிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ எடுத்துச் செல்லுங்கள். வாயிலில் உங்கள் நேரமும் காவலர் நேரமும் மிஞ்சும். காலையில் ஈரமாயிருக்கும் பாறைகளில் செருப்பு வழுக்கும், சப்பாத்து அணியுங்கள். மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் புறப்படுமுன் விதிகளைத் தமிழில் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்று அவர்களிடமே கேளுங்கள். பேருந்துப் பயணம் நீண்டதல்லவா, பொழுதும் போகும். ஒஹிய வழியாகத் திரும்புவோர் புகையிரத நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது; மலைப்பாதையில் புகையிரதம் தாமதமாவது புதிதன்று. நிலைய மேடையில் காத்திருக்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால், இறங்கி வந்த மலை அதற்குள் முகிலுக்குள் மறைந்திருக்கும்.